மூக்கு ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன்

அன்புள்ள மகனுக்கு,

மூக்கை ஆபரேஷன் செய்துகொள்ள ஆசையாக இருக்கிறது என்று நீ சொன்னதும் நான் சட்டென்று பதில் பேசவில்லை. அதைக் கோபம் என்று நினைத்துவிடாதே. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதிவிட்டால் வேண்டும்போது எடுத்துப் படித்துக்கொள்வாய் என்றுதான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். உன் முகம், உன் முடிவு. உன்னைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் ஆபரேஷன் தியேட்டரிலும், மயக்கம் தெளியும் வரை வைத்திருக்கும் வார்டிலும் வேலை பார்த்த ஒரு நர்ஸ் உனக்கு அம்மாவாக இருக்கும்போது, நீ அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போய் அந்த மேஜையில் படுக்கக் கூடாது.

இந்த ஆசையை அற்பம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. ஆம்பளைப் பையனுக்கு எதற்கு இதெல்லாம் என்று உறவில் ஒருவராவது கேட்கத்தான் போகிறார்கள். 1898-ல் பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற மருத்துவர், ஒருவருடைய மூக்கைச் சிறிதாக்கியதைப் பற்றி மருத்துவர்கள் சபையில் எடுத்துச் சொன்னார். அவரிடம் வந்தவர் ஓர் ஆண். உடம்புக்கு ஒன்றுமில்லை; தன் மூக்கை எல்லாரும் பார்க்கிறார்களே என்று நாலு பேர் நடுவில் போகவே கூசியவர். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கூச்சம் அவரை விட்டுப் போனது. அதனால் மனசுக்குள் இருக்கும் வலி பொய் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எங்கள் வார்டுக்கு இதற்காக வந்தவர்களில் பலர் வருஷக்கணக்கில் யோசித்து, தயங்கித் தயங்கி வந்தவர்கள்தான்.

சரி, உன் விஷயத்துக்கு வருவோம். உன் மூக்கில் உனக்கு எது பிடிக்கவில்லை? இதை நீ ஒரே வரியில் சொல்ல வேண்டும். "நடுவில் இருக்கும் மேடு பிடிக்கவில்லை", "நுனி கீழே தொங்குகிறது", "ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது" என்று சொன்னால் மருத்துவரால் ஏதாவது செய்ய முடியும். "மொத்தமாகவே நல்லாயில்லை" என்று சொன்னால் எவ்வளவு கைதேர்ந்த சர்ஜனுக்கும் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று தெரியாது. யாரோ ஒரு நடிகருடைய படத்தைக் காட்டி இதுபோல வேண்டும் என்று கேட்காதே. அந்த மூக்கு அந்த முகத்தின் நெற்றிக்கும் தாடைக்கும் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. தாடை உள்வாங்கியிருந்தால் சாதாரண மூக்குகூடப் பெரிதாகத் தெரியும். சிலரிடம் மூக்கைத் தொட வேண்டாம், தாடையைக் கவனிப்போம் என்று மருத்துவரே சொல்வது உண்டு.

செல்ஃபியை வைத்து எந்த முடிவுக்கும் வராதே. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முகத்துக்கு வெகு அருகில் கேமராவைப் பிடித்தால், கேமராவுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். 2018-ல் அமெரிக்காவில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், ஓரடி தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பாகம் கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. இல்லாத அகலத்தைக் குறைக்கச் சொல்லி ஒருவர் கத்திக்குக் கீழே போவதை நினைத்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. யாரையாவது ஐந்து ஆறு அடி தள்ளி நிற்கவைத்து, நேராக, இரண்டு பக்கவாட்டில், கீழிருந்து என்று படம் எடுத்துக்கொள். அதைப் பார்த்த பிறகும் அந்த மேடு உன்னை உறுத்தினால், அது நிஜமாகவே உன்னை உறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், கோபிக்காதே. ஒரு நாளில் எவ்வளவு நேரம் இந்த நினைப்பிலேயே போகிறது? கண்ணாடி முன்னால் போனால் திரும்பிவர முடியாமல் நிற்கிறாயா? இதற்காகக் கல்யாணம், விசேஷம், வேலை என்று எதையாவது தவிர்க்கிறாயா? மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் குறை, இருக்கிறவருடைய கண்ணுக்கு மலைபோலத் தெரிவது மனநலம் சார்ந்த ஒரு நோய். அதற்குப் பேச்சு வழி சிகிச்சையும் மருந்தும் உண்டு. ஆனால் ஆபரேஷன் அதற்கு மருந்தாகாது. மூக்கு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் திருப்தி வராது, இல்லையென்றால் கவலை வேறோர் உறுப்புக்குத் தாவிவிடும். நல்ல சர்ஜன்கள் இதைக் கண்டுபிடிக்கத்தான் முதல் சந்திப்பில் அவ்வளவு கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு மழுப்பாமல் பதில் சொல்லு.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்கிறேன். மூக்கு மூச்சு விடுவதற்கு. இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நீ தாண்டிப் போய்விடாதே, ஏனென்றால் அழகுக்காக ஆபரேஷன் செய்துகொள்ளப் போகும்போது மறந்துபோவது இதுதான்.

உன் மூக்கில் மேலே மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு. கீழே இருப்பதெல்லாம் குருத்தெலும்பு. நடுவில் இரண்டு துளைகளையும் பிரித்துக்கொண்டு மூக்குத் தண்டு ஒரு சுவர்போல நிற்கிறது. அதன் இரண்டு பக்கமும் மெல்லிய தகடுகள் சாய்ந்து நிற்கின்றன. தண்டும் தகடும் சேரும் அந்தக் கோணம்தான் மூக்குக்குள்ளேயே மிகவும் குறுகலான இடம். நீ உள்ளே இழுக்கும் காற்றெல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் போகிறது. உனக்குப் பிடிக்காத அந்த மேட்டைச் சீவும்போது, அந்தத் தகடுகள் தண்டோடு சேரும் இடத்தையும் சேர்த்தே வெட்ட வேண்டி வரலாம். சீவிவிட்டு, அந்தச் சேர்மானத்தை மறுபடி கட்டாமல் விட்டால், மாதங்கள் போகப் போகப் பக்கச் சுவர் உள்ளே சரியும். வெளியே மூக்கின் நடுவில் குழி விழுந்ததுபோல நிழல் தெரியும். உள்ளே மூச்சு அடைக்கும். பெருமூச்சு இழுத்தால் மூக்கின் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். பார்க்க அழகான மூக்கோடு ராத்திரி வாயைத் திறந்துவைத்துத் தூங்குகிற வாழ்க்கை உனக்கு வேண்டாம்.

அதனால் இப்போது உனக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று முதலில் கவனி. ஒரு பக்கம் அடைத்தமாதிரியும் மறு பக்கம் திறந்தமாதிரியும் இருந்தால் உடனே பயப்படாதே; இரண்டு துளைகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறைபோட்டுக்கொண்டு வேலை செய்வது பலருக்கும் இயல்பு. எப்போதும் ஒரே பக்கம் அடைத்தால்தான் விஷயம். விரலால் கன்னத்தை லேசாக வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு மூச்சு விட்டுப் பார். சட்டென்று காற்று தாராளமாகப் போனால் அந்தச் சந்து ஏற்கெனவே குறுகலாக இருக்கலாம். அப்புறம், பள்ளியில் பந்து பட்டு உன் மூக்கில் ரத்தம் கொட்டியதே, நினைவிருக்கிறதா? அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லு. அப்போதே தண்டு வளைந்திருந்தாலும் வளைந்திருக்கும். காலையில் எழுந்ததும் நீ அடுக்கடுக்காகத் தும்முவதையும் சொல்லு. அது ஒவ்வாமை என்றால் அதற்கு ஆபரேஷன் தீர்வாகாது, தனியாக மருந்து வேண்டும். தண்டு வளைவு இருந்தால் தோற்றத்தோடு சேர்த்து அதையும் ஒரே ஆபரேஷனில் சரிசெய்துவிடலாம். காப்பீடு இருந்தால், அழகுக்கான செலவைப் பொதுவாகத் தர மாட்டார்கள். மூச்சுக்கான பகுதியைத் தருவார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்.

தோலைப் பற்றியும் தெரிந்துகொள். சர்ஜன் மாற்றுவதெல்லாம் தோலுக்கு அடியில்தான். தோல் தானாகச் சுருங்கிப் புது வடிவத்தின்மேல் படிய வேண்டும். உனக்கு என்னைப்போலத் தடித்த, எண்ணெய் வழிகிற தோல். கனமான போர்வையைப் போட்டு மூடிய கட்டிலில் அடியில் இருப்பதன் விளிம்பு தெரியாது இல்லையா, அப்படித்தான். உள்ளே நுனியை எவ்வளவு கூர்மையாகச் செதுக்கினாலும் வெளியே அவ்வளவு தெரியாது, வீக்கம் வடியவும் அதிக நாளாகும். மெல்லிய தோல்காரர்களுக்கு வேறு தொல்லை, உள்ளே ஒரு சின்ன முண்டு இருந்தாலும் வெளியே காட்டிக்கொடுத்துவிடும். உன் தோலை விரலால் தொட்டுப் பார்க்காமலே "கூர்மையாக்கிவிடலாம்" என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடு. பருவுக்கு நீ மாத்திரை சாப்பிட்டாயே, அதன் பெயரையும் எத்தனை மாதம் சாப்பிட்டாய் என்பதையும் குறித்துக்கொண்டு போ.

யாரிடம் போவது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய முடிவு. பிளாஸ்டிக் சர்ஜனாக இருக்கலாம், முக ஆபரேஷனில் தனிப் பயிற்சி எடுத்த காது மூக்கு தொண்டை மருத்துவராகவும் இருக்கலாம். இரண்டும் சரிதான். "அழகியல் நிபுணர்" என்று பலகை மட்டும் இருந்தால் போதாது. முறையாகச் சர்ஜரி படித்துப் பதிவு பெற்றவரா என்று மருத்துவப் பதிவேட்டில் பார்த்துக்கொள். எல்லா ஆபரேஷனும் செய்கிறவரைவிட, மூக்கையே தொடர்ந்து செய்கிறவர் மேல். முகத்தில் செய்கிற ஆபரேஷன்களில் இதைத்தான் மிகக் கடினமானவற்றில் ஒன்றாகச் சர்ஜன்களே சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் வெளியே தெரியும்.

அந்த அறையில் நீ எதைக் கவனிக்க வேண்டும் தெரியுமா? அவர் விளக்கை எடுத்து மூக்குக்கு உள்ளே பார்க்கிறாரா என்று கவனி. வெளியே மட்டும் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் உன் படத்தை இழுத்து அழகாக்கிக் காட்டுகிறவரிடம் மயங்காதே. அந்தப் படம் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறோமா என்று பார்த்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான். திரையில் நகர்கிற கோடு தோலும் தழும்பும் ஆறுகிற விதத்துக்குக் கட்டுப்பட்டதில்லை. அவர் செய்த பழைய மூக்குகளைக் காட்டச் சொல். உன்னைப்போல மூக்கு, உன்னைப்போலத் தோல் உள்ளவர்கள். ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் கழித்து எடுத்த படங்கள். முன்னும் பின்னும் ஒரே வெளிச்சம், ஒரே கோணம். முன்னால் எடுத்ததில் முகம் இருண்டு, பின்னால் எடுத்ததில் சிரித்துக்கொண்டு பளிச்சென்று இருந்தால் அந்தப் படத்தால் ஒன்றும் தெரியாது.

"உங்களிடம் திரும்ப வந்து மறு ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் எத்தனை பேர்?" என்று நேராகக் கேள். கேட்கக் கூச்சப்படாதே. பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை இரண்டாவது முறை போகிறார்கள் என்பதுதான் மருத்துவ உலகம் சொல்லும் கணக்கு. தன்னிடம் ஒருவர்கூட இல்லை என்று சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன். அப்படி வந்தால் செலவு யாருடையது என்பதையும் கேட்டுவை. இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம். உள்ளே தழும்பு இறுகியிருக்கும், மூக்குக்கு முட்டுக்கொடுக்கத் தண்டிலிருந்து எடுக்க வேண்டிய குருத்தெலும்பு ஏற்கெனவே காலியாகியிருக்கலாம், காதிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுக்க வேண்டி வரும். அதனால்தான் முதல் தடவையே எவ்வளவு குறைவாக வெட்ட முடியுமோ அவ்வளவு குறைவாக வெட்டுகிறவரைத் தேடு என்கிறேன். சீவியதைத் திரும்ப ஒட்டவைப்பது பெரும்பாடு.

"இதை என்னால் செய்ய முடியாது" என்று ஏதாவது ஒன்றையாவது சொல்கிற மருத்துவர்மேல் எனக்குத் தனி மரியாதை. நீ கேட்பதற்கெல்லாம் தலையாட்டுகிறவரிடம் அந்த மரியாதை எனக்கு வராது. இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று வரவேற்பில் இருப்பவர் சொன்னால், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்துவிடு. குறைந்தது இன்னொரு மருத்துவரையும் பார். மயக்க மருந்து கொடுப்பது யார், தகுதி பெற்ற மயக்க மருந்து மருத்துவர் ஆபரேஷன் முடியும் வரை பக்கத்திலேயே இருப்பாரா, அவசரம் என்றால் அந்த இடத்திலேயே கவனிக்க வசதி இருக்கிறதா என்று கேள். மூக்கு எப்படி வரும் என்று ஆயிரம் கேள்வி கேட்கிறவர்கள் இதை மட்டும் கேட்காமல் விடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

திறந்த முறை, மூடிய முறை என்று இரண்டு சொல்வார்கள். திறந்த முறையில் இரண்டு துளைக்கும் நடுவில் இருக்கும் தோலில் சின்னதாக வெட்டி மேலே தூக்குவார்கள். அந்தத் தழும்பு பெரும்பாலும் மங்கிவிடும். மூடிய முறையில் எல்லாம் உள்ளேயே. எது என்பதை அவர் முடிவு செய்யட்டும், அதற்காக நீ அலட்டிக்கொள்ள வேண்டாம். மூக்கை உயர்த்த சிலிக்கான் வைக்கலாம் என்று சொன்னால் மட்டும் யோசி. உடம்பின் சொந்தக் குருத்தெலும்பைவிட அதில் கிருமி பிடிக்கும் அபாயமும், வருஷங்கள் கழித்துத் தோலைத் துளைத்து வெளியே வரும் அபாயமும் அதிகம்.

கத்தி வேண்டாம், ஊசி போட்டு 15 நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம் என்று யாராவது, தோலுக்கு அடியில் ஏற்றி நிரப்பும் ஃபில்லரைக் காட்டுவார்கள். கேட்க எளிதாக இருக்கும். ஃபில்லரால் மூக்கைச் சிறிதாக்க முடியாது. மேட்டுக்கு மேலும் கீழும் நிரப்பி மறைக்கத்தான் முடியும், அதுவும் சில மாதங்களில் கரைந்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம், மூக்கின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்பு உள்ளவை. மருந்து தவறிப்போய் ஒரு குழாய்க்குள் இறங்கினால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகலாம், பார்வையே போகலாம். இப்படி நடப்பது அரிது. ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. அழகு நிலையத்தில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவே கூடாது.

நீ சிகரெட் பிடிப்பது எனக்குத் தெரியும். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நிகோடின் மெல்லிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும்; தூக்கிப் பிரித்துத் தைத்த தோலுக்கு அந்தக் குழாய்கள் மட்டும்தான் உயிர். ரத்தம் போகாவிட்டால் நுனித் தோல் கறுத்துவிடும். ஆபரேஷனுக்கு முன்னால் குறைந்தது நாலு வாரம், பின்னால் நாலு வாரம் தொடவே கூடாது. வேப், நிகோடின் சூயிங்கம், ஒட்டுப் பட்டை எல்லாவற்றிலும் அதே நிகோடின்தான். மருத்துவர் கேட்டால் உண்மையைச் சொல்லு; நான் பக்கத்தில் இருந்தால் சொல்லக் கூச்சமாக இருக்கும் என்றால் நான் வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபன் மாதிரி வலி மாத்திரைகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, மூலிகைப் பொடி என்று ஜிம்மில் யாரோ சொல்லி நீ வாங்கி வைத்திருப்பவற்றிலும் அப்படிச் சில உண்டு. எல்லாவற்றின் பெயரையும் எழுதிக் காட்டு. எதை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். நம் குடும்பத்தில் யாருக்கும் மயக்க மருந்தில் சிக்கல் வந்ததில்லை, ரத்தம் நிற்காத நோயும் இல்லை. படிவத்தில் கேட்டால் அப்படியே எழுது. சளியோ காய்ச்சலோ இருந்தால் மறைக்காமல் தள்ளிப்போடு. பொதுவாகச் சாப்பாட்டை ஆறு மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். ஒரு வாய் காப்பிதானே என்று குடித்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால், மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம். உயிர் போகிற விஷயம் அது.

மயக்கம் தெளியும் நேரத்தைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் வார்டில் மூக்கு ஆபரேஷன்காரர்கள் விழிக்கும்போது பாதிப் பேர் ஒரே மாதிரிதான் செய்வார்கள். கண்ணைத் திறக்கும் முன்பே கை மூக்கை நோக்கிப் போகும். மேலே பிளாஸ்டர், சிலருக்கு உள்ளே பஞ்சோ சிலிக்கான் தகடோ. மூச்சை மூக்கால் இழுக்கப் பார்ப்பார்கள், வராது. உடனே மூச்சு முட்டுகிறது என்று பதறி எழப் பார்ப்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டு "வாயால் விடுங்க, மெதுவா, வாயால" என்று சொல்லிக்கொண்டே இருப்போம். நாலைந்து மூச்சுக்கு அப்புறம் தோள் தளரும். நீ இதை வீட்டிலேயே பழகிக்கொள். தினமும் படுக்கும்போது கொஞ்ச நேரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பார். தண்ணீர் விழுங்குவதுகூட அப்போது வித்தியாசமாக இருக்கும். தொண்டை எரியும், அது மயக்கத்தில் மூச்சுக்காகத் தொண்டை வழியாகக் குழாய் போட்டதால். விழுங்கிய ரத்தம் கறுப்பாக வாந்தியில் வரலாம். ஒரு தடவை வந்தால் பயப்படாதே.

வலியைவிட அடைப்புதான் அதிகம் தொல்லை கொடுக்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் முகம் நன்றாக வீங்கி, கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போகும். பத்துப் பதினைந்து நாளில் அது மறையும். தலையணையை உயர்த்தி மல்லாந்து படு. இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தாதே. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு. உனக்கு வரும் அடுக்குத் தும்மலுக்கு முன்பே மருந்து கேட்டு வாங்கிக்கொள். நீ கண்ணாடி போடுகிறவன், அதைப் பற்றி இப்போதே யோசி. எலும்பை வெட்டி நகர்த்தியிருந்தால் நாலு முதல் ஆறு வாரம் வரை கண்ணாடி மூக்கின்மேல் உட்காரக் கூடாது. லென்ஸ் போடப் பழகிக்கொள், இல்லையென்றால் நெற்றியில் டேப் வைத்துத் தாங்கும்படி செய்ய வேண்டும். ஜிம்முக்கு ஒரு மாதமாவது லீவு. பந்து விளையாட்டுக்கு அதைவிட நீளம்.

பிளாஸ்டரைக் கழற்றுகிற நாளுக்கு, ஏறக்குறைய ஒரு வாரத்தில், உன் மனசைத் தயார் செய்துகொள். எல்லாரும் அன்றைக்குக் கண்ணாடியைக் கையில் வாங்கும்போது புது மூக்கை எதிர்பார்ப்பார்கள். உள்ளே தெரிவது வீங்கிய மூக்கு. நுனி மேலே தூக்கி நிற்கும், அகலமாக இருக்கும், தொட்டால் மரத்துப்போயிருக்கும், சிரித்தால் மேலுதடு இழுக்கும். முகம் வாடுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பெரும்பகுதி வீக்கம் இரண்டு மூன்று மாதத்தில் இறங்கும். நுனி மட்டும் ஒரு வருஷம் எடுத்துக்கொள்ளும், உன்னைப்போலத் தடித்த தோலுக்கு அதற்கு மேலேயும் ஆகலாம். அதற்கு முன்னால் மறு ஆபரேஷன் பேச்சையே எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. முதல் சில வாரம் காரணமில்லாமல் மனசு சோர்ந்துபோகும், ஏன்தான் செய்துகொண்டோமோ என்று தோன்றும். அது பலருக்கும் வருவதுதான். அந்த நாட்களில் தனியாக இருக்காதே, தினமும் படம் எடுத்து அளந்துகொண்டும் இருக்காதே.

இதையெல்லாம் மீறி மருத்துவருக்கு உடனே போன் செய்ய வேண்டிய சில நேரங்கள் உண்டு. முன்னோக்கிக் குனிந்து அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், காய்ச்சல், குனிந்தால் தண்ணீர்போல ஒழுகுவது, பார்வையில் மாற்றம். இன்னொன்றைத் தனியாகச் சொல்கிறேன்: குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டே போய், இரண்டு பக்கமும் முழுசாக அடைத்துக்கொண்டால் தண்டின் இரு பக்கமும் ரத்தம் கட்டியிருக்கலாம். குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் சவ்விலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. ரத்தக் கட்டு அந்தச் சவ்வைப் பிரித்துவிட்டால் குருத்தெலும்பு சில நாளில் செத்து, மூக்கு நடுவில் அமுங்கிவிடும். விடியட்டும் என்று காத்திருக்காதே.

அப்பாவைப் பற்றி நீ தயங்கியது எனக்குப் புரிந்தது. அவர் மூக்குத்தானே அது. நான் சொன்னபோது கொஞ்ச நேரம் தன் மூக்கைத் தடவிக்கொண்டு இருந்தார், பிறகு "நல்ல டாக்டராப் பார்க்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். என் ஆசை ஒன்றே ஒன்று, அதையும் உன் விருப்பத்துக்கே விடுகிறேன்: நுனியை ரொம்பத் தூக்கச் சொல்லாதே. உதட்டுக்கும் மூக்கின் அடிக்கும் நடுவில் இருக்கும் கோணம் ஆண்களுக்குச் சுமார் 90 முதல் 95 பாகை இருந்தால்தான் முகத்தோடு பொருந்தும் என்பார்கள். மேட்டை முழுக்க வழித்துக் குழியாக்காமல், நேராக நிறுத்தச் சொல். உன் முகம் உன் முகமாகவே இருக்கும், மூச்சும் பத்திரமாக இருக்கும்.

தேதி முடிவானால் முதலில் எனக்குச் சொல்லு. முதல் வாரம் நான் வந்து உன்னோடு இருக்கிறேன். வேலையில் இரண்டு வாரம் லீவு எழுதிக்கொடு, ஒரு வாரம் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. பிளாஸ்டர் பிரித்து மருத்துவர் ஒருமுறை பார்க்கும் வரை வெளியூர்ப் பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாதே. சம்மதப் படிவத்தை ஆபரேஷன் அன்று காலையில் அவசரமாக நீட்டி கையெழுத்துக் கேட்பார்கள். அதை முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. என்ன ஆபரேஷன், எங்கிருந்து குருத்தெலும்பு எடுப்பார்கள், கத்தியைப் பிடிப்பது யார் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இல்லாததை எழுதித் தரச் சொல்லிக் கேட்போம். நீ மாத்திரைப் பட்டியலையும் அதோடு சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா